தெரியலைன்னு சொன்னவனுக்கு என்ன ஆச்சு?

எங்கள் உதிரிபாகத் தொழிற்சாலையில் அலுமினியச் சுருள் விழும் தொட்டியைக் காலி செய்ய வந்தவர்தான் முதலில் பார்த்தார். அடியில், எண்ணெய் துடைக்கிற பழந்துணியில் சுற்றி, நான்கு மோட்டார் ஹவுசிங். பழுதான காஸ்டிங் (வார்ப்பு) இல்லை, மெஷினிங் முழுக்க முடிந்த ஜாப், அதாவது தயாரான பாகம். துளையை அளக்கும் போர் கேஜை வைத்துப் பார்த்தேன். பேரிங் உட்காரும் 47 மில்லிமீட்டர் துளை அது, அதிகபட்சம் 25 மைக்ரான்தான் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கூடலாம். 190 மைக்ரான் கூடியிருந்தது. நான்கும் அப்படியே.

நைட் ஷிப்டில் அந்த சிஎன்சி லேத்தை (கம்ப்யூட்டரில் ஓடும் கடைசல் மெஷின்) ஓட்டியது ஐடிஐ முடித்து வந்து எட்டு மாதமான ஒரு பையன். கூப்பிட்டுக் கேட்டேன். பத்து நிமிடம் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் மெதுவாகச் சொன்னான். வெட்டும் முனையான இன்செர்ட்டை மாற்றியிருக்கிறான், துளை கொஞ்சம் சின்னதாக வந்திருக்கிறது, 20 மைக்ரான் ஏற்ற வேண்டும். டூலின் அளவைத் திருத்தும் ஆஃப்செட் திரையில் 'இன்புட்', 'பிளஸ் இன்புட்' என்று இரண்டு பட்டன் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பிளஸ் இன்புட்டை அழுத்தினால் ஏற்கெனவே இருக்கிற எண்ணோடு கூட்டிக்கொள்ளும், வெறும் இன்புட்டை அழுத்தினால் பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதிவிடும். அங்கே மைனஸ் 0.180 இருந்தது. இவன் 0.020 அடித்து இன்புட்டை அழுத்திவிட்டான். மைனஸ் 0.160 ஆக வேண்டியது பிளஸ் 0.020 ஆகிவிட்டது, 20 மைக்ரான் ஏற வேண்டிய துளை 200 மைக்ரான் ஏறிவிட்டது. அளந்து பார்ப்பதற்குள் நான்கு ஜாப் போய்விட்டது.

"சரி, தப்பு நடந்துச்சு. ஒளிச்சு வச்சது ஏன்டா?" என்று கேட்டேன்.

"மூணு நாளைக்கு முந்தி நீங்க அந்தண்ணனைத் திட்டுனீங்கல்லங்க" என்றான்.

திட்டியது உண்மை. துளை கடையும் போரிங் பார் உடைந்துபோய், அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவரே என்னிடம் வந்தார். "ஃபீடு கொஞ்சம் ஏத்திட்டேன் சார், எவ்வளவு வைக்கணும்னு எனக்குச் சரியாத் தெரியலை" என்று அவராகத்தான் சொன்னார். ஃபீடு என்றால் டூல் நகரும் வேகம். காலை எட்டு மணி, ஷிப்ட் மாறுகிற நேரம், இரண்டு ஷிப்ட் ஆட்களும் நிற்கிறார்கள். "பத்து வருசமா ஓட்டறீங்க, இதுகூடத் தெரியாதா?" என்று கத்தினேன். கஸ்டமர் லாரி வாசலில் நின்ற அவசரம், அதையெல்லாம் இப்போது காரணமாகச் சொல்ல மாட்டேன். உண்மையைச் சொல்ல வந்தவருக்கு என்ன நடந்தது என்பதை முப்பது பேர் பார்த்தார்கள். அந்த முப்பது பேரில் இந்தப் பையனும் ஒருவன். அன்று காலை அவர்களுக்கு ஒரு பாடம் நடத்தினேன், அவர்களும் நன்றாகவே கற்றுக்கொண்டார்கள்.

இது 2021 கடைசியில், கோயம்புத்தூரில் நான் வேலை செய்யும் உதிரிபாகத் தொழிற்சாலையில் நடந்தது. ஒரு நிறுவனத்தில் ஆட்கள் கற்றுக்கொள்கிறார்களா இல்லையா என்பதை அங்கே எத்தனை டிரெய்னிங் நடக்கிறது என்பதை வைத்துச் சொல்லவே முடியாது என்று எனக்குப் புரிந்தது அந்த நாளில்தான். எங்களிடம் டிரெய்னிங் இல்லாமல் இல்லை. வருட ஆரம்பத்திலேயே காலண்டர் போட்டு, மாதம் இரண்டு சனிக்கிழமை, கான்பரன்ஸ் ஹாலில் புரொஜெக்டர், டீ, வடை, கையெழுத்துத் தாள் என்று முறையாகவே நடந்தது. வாகன உதிரிபாகம் செய்கிறவர்களுக்கு ஐஏடிஎஃப் 16949 தரச் சான்றிதழ் இல்லாமல் பெரிய கம்பெனி ஆர்டர் கிடைப்பது கஷ்டம், அந்த ஆடிட்டுக்கு வருகிறவர்கள் யாருக்கு என்ன வேலை தெரியும் என்கிற பட்டியலைக் கேட்பார்கள். அதனால் சுவரில் ஸ்கில் மேட்ரிக்ஸ் மாட்டியிருக்கும், ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் வட்டம், தெரிந்த அளவுக்குக் கால், அரை, முக்கால் என்று நிரப்பியிருக்கும். அந்தப் பையன் பெயருக்கு எதிரே முக்கால் வட்டம் இருந்தது. ஆஃப்செட் கரெக்ஷன் என்ற கட்டத்தில்தான்.

எங்கள் ஊரில் முன்பெல்லாம் ஒரு ஜாப் வந்தால் ஏழெட்டு வருடம் ஓடும். நான் லேத்தில் நிற்க ஆரம்பித்த காலத்தில் ஒரு பாகத்தைப் பழகிக்கொண்டால் போதும், கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம். அது முடிந்து போனதை நாங்கள் கொஞ்சம் தாமதமாகத்தான் உணர்ந்தோம். 2016 ஜனவரியில் மத்திய அரசு வண்டிப் புகைக்கான விதிகளில் பிஎஸ் 5-ஐத் தாண்டிக்கொண்டு 2020 ஏப்ரல் 1 முதல் நேராக பிஎஸ் 6 என்று அறிவித்தது. நான்கு வருட அவகாசம். அது ஏதோ வண்டிக் கம்பெனிகளின் தலைவலி என்றுதான் எங்களைப் போன்ற பல பட்டறைகளில் பேசிக்கொண்டோம். 2020 வந்தபோது பெரும்பாலான பைக்குகளில் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது, கார்புரேட்டர் சார்ந்த பாகங்களையே நம்பியிருந்தவர்களுக்கு ஆர்டர் நின்றது, அதே நேரத்தில் ஊரடங்கும் வந்தது. அடுத்த மூச்சு விடுவதற்குள் மின்சார வண்டி. எங்களுக்கு மோட்டார் ஹவுசிங் ஆர்டர் வந்தது அப்படித்தான். வார்ப்பிரும்பில் கை பழகியவர்களுக்கு அலுமினியம் வேறு மாதிரி. மெல்லிய சுவர், இறுக்கிப் பிடித்தால் துளை முக்கோணமாகும், சூட்டில் விரியும், காலையில் ஒரு அளவு, மத்தியானம் ஒரு அளவு. யாருக்குமே முழுசாகத் தெரியாது, எனக்கும்தான். எல்லாருமே தெரியாதவர்களாக இருக்கும் ஓர் இடத்தில், தெரியலை என்று சொன்னவரைப் பார்த்து நான் கத்தினேன்.

மறுநாள் காலை அதே எட்டு மணிக்கு, அதே ஆட்கள் முன்னால், அந்தப் போரிங் பார் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் "அட விடுங்க சார்" என்று சங்கடப்பட்டார். அந்த நான்கு ஹவுசிங்கையும் கொண்டுவந்து ஷிப்ட் மாறுகிற இடத்தில் ஒரு மேஜை போட்டு வைத்தேன். பக்கத்தில் ஒரு அட்டை: என்ன நடந்தது, எந்த பட்டன், எவ்வளவு ஏறியது. பெயர் கிடையாது. இனிமேல் கெடுகிற ஒவ்வொரு ஜாப்பும் இந்த மேஜைக்கு வரட்டும், காலையில் பத்து நிமிடம் எல்லாரும் நின்று பார்ப்போம் என்று சொன்னேன்.

யாரும் கொண்டுவரவில்லை.

மூன்று வாரம் அந்த மேஜையில் அந்த நான்கு ஹவுசிங் மட்டும்தான் இருந்தது. ஒரு தடவை மன்னிப்புக் கேட்டதும் ஆட்கள் நம்பிவிடுவார்கள் என்று நினைத்தது என் தவறு. கத்தியதை ஒரு நாளில் கற்றுக்கொண்டார்கள், கத்த மாட்டேன் என்பதைக் கற்றுக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும். அந்த மௌனத்தை உடைத்தவர் எங்கள் பழைய டர்னர், 58 வயது, கணபதி பகுதியில் பெல்ட் லேத் காலத்திலிருந்து நின்றவர், கையால் தடவியே மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைச் சொல்லுவார் என்று எல்லாருக்கும் அவரிடம் ஒரு பயம் கலந்த மரியாதை. ஒரு நாள் காலையில் அவர் ஒரு ஜாப்பைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "இது நான் அடிச்சது. டூல் நம்பரை மாத்திக் கூப்பிட்டுட்டேன். திரையில அந்த இடத்துல என்ன வரும்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியலை. தம்பி, நீ சொல்லிக்குடு" என்று அந்த இன்புட் பட்டன் பையனைப் பார்த்துச் சொன்னார். பையன் சொல்லிக்கொடுத்தான், குரல் நடுங்கிக்கொண்டே. அந்த வாரத்தில் மேஜைக்கு ஆறு ஜாப் வந்தது. நான் மூன்று வாரமாகப் பேசியதைவிட அந்தப் பெரியவர் ஒரு வாக்கியத்தில் செய்தது அதிகம். மேலே இருக்கிறவர் தனக்குத் தெரியாததை முதலில் சொல்ல வேண்டும், அதற்கு வேறு குறுக்கு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் வேறு ஒரு சிக்கல் வந்தது. மூன்று மாதத்தில் ரிஜெக்ஷன் (கெட்டுத் தள்ளிய ஜாப்) எண் ஏறிவிட்டது. மாத ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு முதலாளி கூப்பிட்டார். "பத்து பத்து நிமிசமா நின்னு பேசறீங்க, ரிஜெக்ஷன் கூடியிருக்கே?" நியாயமான கேள்விதான். ஸ்டோர்ஸிலிருந்து கணக்கை எடுத்துக்கொண்டு போனேன். வாங்கிய காஸ்டிங் எத்தனை, அனுப்பிய ஜாப் எத்தனை, ரிஜெக்ட் என்று எழுதியது எத்தனை. முன்பெல்லாம் அனுப்பியதையும் ரிஜெக்டையும் கூட்டினால் வாங்கிய எண்ணுக்கு வராது, ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் காணாமல் போகும், 'எண்ணிக்கைப் பிழை' என்று எழுதி மூடிவிடுவோம். இப்போது அந்த இடைவெளி கிட்டத்தட்ட இல்லை. காணாமல் போனவைதான் இப்போது மேஜைக்கு வருகின்றன. கெடுவது கூடவில்லை, தெரிவது கூடியிருக்கிறது. முதலாளி அந்தத் தாளை இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டு, சரி நடத்துங்க என்றார்.

இதையே ஆஸ்பத்திரியில் ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார் என்று பிற்பாடுதான் படித்தேன். ஹார்வர்டில் பேராசிரியராக இருக்கும் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் ஆஸ்பத்திரி வார்டுகளில் மருந்து மாற்றிக் கொடுக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல ஒற்றுமையான குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்திருக்கிறார். எண்கள் தலைகீழாக வந்தன, நல்ல குழுக்களில்தான் தவறு அதிகம். பிறகுதான் புரிந்தது, அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை, செய்ததைப் பயமில்லாமல் சொன்னார்கள். மற்ற வார்டுகளில் மூடி மறைத்தார்கள். நர்ஸ் ஒளிப்பதும் எங்கள் பையன் எண்ணெய்த் துணியில் சுற்றி ஒளிப்பதும் ஒன்றுதான், அங்கே ஆபத்து நோயாளிக்கு. பூஜ்யம் தவறு என்று ரிப்போர்ட் வருகிற டிபார்ட்மென்ட்டைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

நேரம் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாக் கம்பெனியும் சறுக்குவது இங்கேதான். ஆட்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எல்லா முதலாளியும் சொல்வார்கள். எப்போது என்று கேட்டால் ஞாயிற்றுக்கிழமை, ஷிப்ட் முடிந்த பிறகு, வீட்டில் போனில் வீடியோ பார்த்து. எட்டு மணி நேரம் நின்று ஓட்டிவிட்டு, சூலூர் பக்கம் பஸ் பிடித்துப் போய், பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டு உட்காருகிறவரிடம் அதற்கு மேல் கேட்பது அநியாயம். நாங்கள் ஷிப்ட் டார்கெட்டைக் குறைத்தோம். அதுதான் ஒரே வழி. ஒரு மெஷினுக்கு ஷிப்டுக்கு இரண்டு ஜாப் குறைவு, காலை பத்து நிமிடத்துக்கும், புதுசாகப் பழகுகிறவர் பக்கத்தில் ஒருவர் நிற்பதற்கும். டார்கெட் தாளில் அந்த இரண்டு ஜாப் குறைந்த அன்றுதான் இது நிஜம் என்று ஆட்கள் நம்பினார்கள் என்று நினைக்கிறேன். போஸ்டர் ஒட்டினால் யாரும் நம்புவதில்லை.

இன்னொன்று, கெடுத்துப் பழக ஒரு மெஷின். எங்கள் ஊரில் ஜி.டி. நாயுடுவைப் பற்றித் தெரியாத பட்டறைக்காரர் கிடையாது. ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, வேலை செய்து பணம் சேர்த்து, அதையே விலைக்கு வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மாட்டினார் என்பது கதை. பிறகு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டார், 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே முதன்முதலாக மின் மோட்டார் தயாரித்தார். விழாக்களில் இதைச் சொல்லி, நீங்களும் அவரைப் போல் ஆர்வமாக இருக்க வேண்டும் என்று பையன்களுக்கு அறிவுரை சொல்லுவார்கள். எனக்கு அதில் கண்ணில் படுவது வேறு. அவர் கழற்றியது அவருடைய சொந்த வண்டி. கெட்டால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்கு 30, 40 லட்ச ரூபாய் விஎம்சி (கம்ப்யூட்டர் மில்லிங் மெஷின்) முன்னால் நிற்கிற 20 வயதுப் பையன் எதைக் கழற்றிப் பார்ப்பான்? அதனால் விற்கப்போன ஒரு பழைய சிஎன்சியை விற்க வேண்டாம் என்று கெஞ்சி வைத்துக்கொண்டோம். மூலையில் இருக்கிறது. ஸ்கிராப் கட்டையைப் போட்டு என்ன வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம், டூல் உடைந்தால் கேள்வி கிடையாது. மழை நாளில் கரண்ட் போய் வந்து பெரிய மெஷினெல்லாம் செட் ஆகிற வரைக்கும் அங்கேதான் கூட்டம்.

மொழியும் ஒரு விஷயம். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட். மேஜையில் இருந்த அட்டையெல்லாம் தமிழில் இருந்தது, இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, பாதிப் பேர் சும்மா நின்றுவிட்டுப் போகிறார்கள் என்று. ஒடிசாப் பையன் ஒருவன், தமிழ் ஓரளவு பேசுவான், அவனே ஒரு யோசனை சொன்னான்: கெட்ட ஜாப்பைக் கையில் வைத்துக்கொண்டு, திரையைக் காட்டி, இரண்டு நிமிட வீடியோ இந்தியில். குரூப்பில் போட்டான். இப்போது அவன் வீடியோவைத் தமிழ்ப் பையன்களும் பார்க்கிறார்கள், பேச்சு புரியாவிட்டாலும் விரல் எங்கே போகிறது என்று தெரிகிறதே.

இது எல்லாமே மற்ற கம்பெனிகளும் காப்பி அடிக்கலாம், ஆனால் அப்படியே வேலை செய்யும் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு ஆலை இருந்தது. வேலைக்கு வராதவர்கள், சண்டை, மோசமான தரம் என்று பேர் கெட்டு 1982-இல் மூடினார்கள். 1984-இல் டொயோட்டாவோடு கூட்டுச் சேர்ந்து நும்மி என்ற பெயரில் திறந்தார்கள், பெரும்பாலும் அதே பழைய தொழிலாளர்களை எடுத்து, நூற்றுக்கணக்கானவர்களை ஜப்பானுக்கு அனுப்பிப் பழக்கி. லைனுக்கு மேலே ஒரு கயிறு, பிரச்சினை என்றால் சாதாரணத் தொழிலாளி இழுக்கலாம், சரியாகாவிட்டால் லைனே நிற்கும். கொஞ்ச காலத்திலேயே ஜப்பான் ஆலைக்குச் சமமான தரம் வந்தது. அதே ஜெனரல் மோட்டார்ஸ் அதைத் தன்னுடைய மற்ற ஆலைகளுக்குக் கொண்டுபோக முயன்றபோது அவ்வளவு சுலபத்தில் நடக்கவில்லை. 2009-இல் அந்தக் கம்பெனியே திவால் மனு கொடுத்தது. கயிற்றை எந்த ஆலையிலும் ஒரு நாளில் கட்டிவிடலாம். இழுத்தவனிடம் ஓடிவருகிற மேஸ்திரி "என்ன உதவி வேணும்?" என்று கேட்பாரா, "எதுக்கு நிறுத்தினே?" என்று கேட்பாரா என்பதைக் கட்ட முடியாது. ஃப்ரீமான்டில் முதல் வகை மேஸ்திரிகளை உருவாக்கினார்கள், அதற்குத்தான் ஜப்பான் பயணமெல்லாம்.

இப்போது அடுத்த அலை, சாட்ஜிபிடி. பையன்கள் புரோகிராம் எழுதச் சொல்லிக் கேட்கிறார்கள். தடை போட வேண்டும் என்று சிலர் சொன்னார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை, தடை போட்டால் அதையும் துணியில் சுற்றி ஒளிப்பார்கள். விஎம்சியில் ஃபைன் போரிங் (துளையை நுட்பமாகக் கடைவது) செய்ய ஒரு பெண் டிரெய்னி புரோகிராம் வாங்கிக்கொண்டு வந்தாள், அதில் ஜி76 என்ற கட்டளை வரி. பெரியவர் பார்த்துவிட்டு, "இது மரை வெட்டறதாச்சே?" என்றார். அவர் சொன்னதும் சரிதான், லேத்தில் ஜி76 என்றால் மரை. மில்லிங்கில் அதே ஜி76 ஃபைன் போரிங். ஆனால் அது கொடுத்திருந்த வரியில் லேத் பாணி எண்களும் மில்லிங் பாணி எண்களும் கலந்து கிடந்தன. அப்படியே ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே வேண்டாம். இரண்டு பேரும் மேனுவலை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தார்கள். மில்லிங் ஜி76 என்ன செய்யும் என்று அவர் அன்றைக்குத் தெரிந்துகொண்டார், திரையில் வருவதையெல்லாம் நம்பக்கூடாது என்று அவள் தெரிந்துகொண்டாள்.

சொல்லிக்கொடுத்தால் கற்றுக்கொண்டு பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுவான் என்ற பேச்சு எப்போதும் வரும். போகிறார்கள்தான். இன்புட் பட்டன் பையனே போன வருடம் ஓசூருக்குப் போனான், எங்களைவிட அதிகச் சம்பளம், கொடுக்க முடியாதது எங்கள் குறை. எனக்கு வருத்தம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சொல்லிக்கொடுக்காமல் வைத்திருந்தால் அவன் இரண்டு வருடம் எங்கள் மெஷினில் பயந்துகொண்டே ஓட்டியிருப்பான், அந்த நஷ்டத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. இப்போதும் போன் பண்ணுவான். அங்கே புரோப் வைத்து ஜாப்பை மெஷினிலேயே அளக்கிறார்களாம், எப்படி என்று ஒரு நாள் ராத்திரி அரை மணி நேரம் எனக்குச் சொன்னான், நான் டைரியில் எழுதிக்கொண்டேன்.

வருகிற மாதம் எங்களுக்கு ஐந்து அச்சில் நகரும் ஃபைவ் ஆக்சிஸ் மெஷின் ஒன்று வருகிறது. எங்கள் கட்டடத்தில் இருக்கிற யாரும் அதை ஓட்டியதில்லை. முதல் ஒரு வாரம் அதற்கு டார்கெட்டே போடக்கூடாது என்று பெரியவர் கேட்டிருக்கிறார். முதலாளி மூன்று நாள் தருகிறேன் என்கிறார், பேங்க் வட்டி ஓடுகிறது என்ற அவர் கவலையும் எனக்குப் புரிகிறது. நேற்று சாயங்காலம் பேச்சு நாலரை நாளில் வந்து நின்றிருக்கிறது. இன்றைக்கு மறுபடி போய் உட்காரப் போகிறோம், அந்த ஸ்டோர்ஸ் கணக்குத் தாளையும் எடுத்து வைத்திருக்கிறேன்.